பரணில் கிடைத்த பட்டாளத்துத் துப்பாக்கி: காட்சிப்பொருளாக விற்கலாமா?

27 ஆகஸ்ட் 2023

மன்னார்குடிப் பக்கத்திலிருந்து ஓர் அன்பர் கேட்டிருக்கும் கேள்வி இது:

"பூர்வீக வீட்டைப் பிரித்துக் கட்டுவதற்காகப் பரணைக் காலி செய்தபோது, கோணியில் சுற்றிய நீளமான பழைய ரைஃபிள் ஒன்று கிடைத்தது. கொள்ளுத்தாத்தா காலத்துப் பொருள் என்று பெரியவர்கள் சொல்கிறார்கள். பக்கவாட்டு இரும்புத் தகட்டில் சிங்க உருவம் தெரிகிறது. பழைய சாமான் தரகர் ஒருவர் ரூ. 40,000 தருவதாகச் சொல்கிறார். நூறு வருடம் கடந்த துப்பாக்கிக்கு உரிமமே வேண்டாம், வரவேற்பறையில் மாட்டும் அலங்காரப் பொருள்தான் என்பது அவர் வாதம். விற்கலாமா?"

28 ஆகஸ்ட் 2023

விலையையும் உரிமத்தையும் பிறகு பேசலாம். முதலில் அந்தத் துப்பாக்கிக்குள் வெடிமருந்து இருக்கிறதா என்று தெரிந்தாக வேண்டும். வாய் வழியாக மருந்தும் ஈய ரவையும் போட்டு இடிக்கும் துப்பாக்கிகளைச் சுடாமலே பரணில் ஏற்றிவிட்ட வீடுகள் நம் பக்கத்தில் பல உண்டு. ஈரம் படாத கருமருந்து நூறு ஆண்டு கழித்தும் தன் வேலையைச் செய்யும்.

குதிரையை, அதாவது மருந்தைப் பற்றவைக்க வந்து அடிக்கும் பாகத்தை, தூக்கிப் பார்க்காதீர்கள். குழலின் வாய் யாரையும் பார்க்காதபடி கிடத்தி, பக்கவாட்டில் நின்றுகொண்டு, மெல்லிய மூங்கில் குச்சி ஒன்றைத் தானாக நிற்கும் இடம் வரை மெதுவாக உள்ளே விட்டு, வாய் விளிம்பில் குச்சியின்மேல் அடையாளம் இடுங்கள். குச்சியை வெளியே எடுத்து, அதே அடையாளம் வாய் விளிம்பில் இருக்குமாறு குழலின் வெளிப்புறத்தில் ஒட்டி வைத்துப் பாருங்கள். குச்சியின் நுனி, குதிரை வந்து அடிக்கும் இடத்துக்கு அருகில் போய்ச் சேர வேண்டும். மூன்று நான்கு விரற்கடை முன்பே நின்றுவிட்டால், உள்ளே ஏதோ இருக்கிறது என்று பொருள். அதன் பிறகு குத்திக் கிளறுவதோ, வெயிலிலோ அடுப்பருகிலோ வைப்பதோ கூடாது. காவல் நிலையத்துக்குச் சொல்லிவிட வேண்டும்.

வேதாரண்யத்தில் எங்கள் சித்தப்பா வீட்டில் இப்படி அளந்தபோது குச்சி ஐந்து விரற்கடை முன்பே நின்றது. அந்தத் துப்பாக்கியை வைத்துக்கொண்டு பத்து வருடம் பிள்ளைகள் விளையாடியிருந்தார்கள். அன்றிரவு சித்தி சாப்பிடவில்லை.

2 செப்டம்பர் 2023

அளந்து பார்த்தாராம், குழல் காலியாக இருக்கிறது. படங்களும் அளவுகளும் அனுப்பியிருக்கிறார்.

குழல் நீளம் 99 செ.மீ., அதாவது 39 அங்குலம். வாயின் உள்விட்டம் ஏறத்தாழ 19 மி.மீ., அதாவது முக்கால் அங்குலம். உள்ளே டார்ச் அடித்துப் பார்த்தால் திருகு வரிகள் இல்லை. ஆகவே இது ரைஃபிள் அல்ல, மஸ்கட். குண்டைச் சுழற்றி அனுப்பும் வரிகள் குழலுக்குள் வெட்டப்பட்டிருந்தால்தான் அதற்கு ரைஃபிள் என்று பெயர். இந்த அளவுகள் 'பிரௌன் பெஸ்' என்று அழைக்கப்படும் பிரிட்டிஷ் படை மஸ்கட் வகையில் 'இந்தியா பேட்டர்ன்' என்ற வடிவத்துக்குப் பொருந்துகின்றன. பிரிட்டிஷ் ராணுவம் இந்த வடிவத்தைக் கிழக்கிந்தியக் கம்பெனியிடமிருந்து 1797இல் எடுத்துக்கொண்டது. எனவே இத்துப்பாக்கி அதற்குப் பிற்பட்டது.

இது முதலில் சிக்கிமுக்கிக் கல்லால் தீப்பற்ற வைத்த துப்பாக்கி. இப்போது அதன் குதிரை, கல்லைக் கவ்வும் தாடை இல்லாமல் சுத்தியல்போல் இருக்கிறது. அடித்தால் பொறி தரும் மருந்து வைத்த சிறு செம்பு மூடியை, அதாவது கேப்பை, அடித்து வெடிக்க வைக்கும் முறை 1840களில் படைகளுக்குள் பரவியபோதோ அதற்குப் பின்னரோ இது மாற்றப்பட்டிருக்க வேண்டும்.

படை கழித்துக் கட்டிய மஸ்கட் ஒரு விவசாயக் குடும்பத்துக்கு ஏன் வந்தது என்பதற்கு விடை, உள்ளே வரி இல்லாத அந்தக் குழலில்தான் இருக்கிறது. வழவழப்பான குழலில் ஒற்றைக் குண்டுக்குப் பதிலாகச் சில்லு ரவையைப் போட்டால் அது அப்படியே நீர்ப்பறவை வேட்டைக்கு உதவும். கோடியக்கரைச் சதுப்பிலும் கடைமடை ஏரிகளிலும் ஒரு காலத்தில் இது வழக்கமாக இருந்தது. 1967இல் கோடியக்கரை சரணாலயமாயிற்று. 1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. துப்பாக்கிகள் பரணுக்கு ஏறின.

3 செப்டம்பர் 2023

நேற்று எழுதியதில் ஒரு பிழை. பிரிட்டிஷ் ராணுவம் ஏற்றது 1797 என்பது சரிதான். ஆனால் கம்பெனி அதற்குப் பல ஆண்டுகள் முன்பிருந்தே தன் படைகளுக்காக அந்த வடிவத்தைச் செய்வித்து வந்தது. ஆகவே வடிவத்தை மட்டும் வைத்து வயதைக் கட்ட முடியாது என்று திருத்தச் சொன்ன திருவாரூர் நண்பருக்கு நன்றி. இங்கே வயதைச் சொல்வது சிங்கம்தான். கம்பெனியின் பழைய அடையாளம் நான்காகப் பிரித்த இதய வடிவம். கிரீடத்தை ஏந்தி நிற்கும் சிங்க முத்திரை 1808ஐ ஒட்டியே வருகிறது. அன்பரின் துப்பாக்கி அதற்குப் பிந்தையது.

17 செப்டம்பர் 2023

சட்டத்தைப் பற்றி எழுத இரண்டு வாரம் எடுத்துக்கொண்டேன். நான் வழக்கறிஞன் அல்லன். அப்பாவின் உரிமத்தை என் பெயருக்கு மாற்றுவதற்காக அலைந்த மூன்று ஆண்டுகளில் படித்ததை எழுதுகிறேன்.

தரகர் சொல்லும் 'நூறு வருடம்' என்ற கணக்கு ஆயுதச் சட்டத்தில் இல்லை. அது வேறு சட்டத்திலிருந்து எடுத்து ஒட்டப்பட்டது. 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் மற்றும் கலைப் பொக்கிஷங்கள் சட்டம்தான் நூறு ஆண்டுக்குக் குறையாத பொருளைத் தொல்பொருள் என்கிறது. அப்படிச் சொல்வது சலுகை தருவதற்காக அல்ல, கட்டுப்படுத்துவதற்காக. தொல்பொருளைத் தனியார் யாரும் நாட்டுக்கு வெளியே அனுப்பக்கூடாது. அதை விற்பதைத் தொழிலாகச் செய்பவருக்கு உரிமம் வேண்டும். வெளிநாட்டு அருங்காட்சியகம் கோடிக்கணக்கில் வாங்கும் என்று ஆசை காட்டும் தரகரின் பேச்சு இங்கேயே நின்றுவிடுகிறது. இரிடியம் கலசத்தின் பெயரால் நம் மாவட்டங்களில் எத்தனை குடும்பங்கள் பணத்தை இழந்தன என்பதை மறந்துவிடக் கூடாது. அதே ஆட்கள் இப்போது 'வெள்ளைக்காரன் துப்பாக்கி' என்று கேட்டுக்கொண்டு வருகிறார்கள்.

துப்பாக்கிக்குப் பொருந்துவது 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம். அதன் 3ஆம் பிரிவு உரிமமின்றித் துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது என்கிறது. 2019இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு, சாதாரண வகைத் துப்பாக்கியை உரிமமின்றி வைத்திருந்தால் குறைந்தது 2 ஆண்டு, அதிகம் 5 ஆண்டு சிறை. தடை செய்யப்பட்ட வகையாக இருந்தால் 7 ஆண்டு முதல் 14 ஆண்டு வரை. பரம்பரைச் சொத்து என்பதால் தண்டனை குறையும் என்று சட்டத்தில் எங்கும் எழுதப்படவில்லை.

விலக்கு ஒன்று உண்டு. அது 45ஆம் பிரிவில் இருக்கிறது. வழக்கொழிந்த வடிவமாகவோ தொன்மை மதிப்புடையதாகவோ பழுதுபட்டதாகவோ இருந்து, சுடுவதற்குப் பயன்படாத ஆயுதத்துக்குச் சட்டம் விலக்கு அளிக்கிறது. அன்பரின் மஸ்கட் வழக்கொழிந்தது, தொன்மையானது, சுடவும் இயலாதது. குதிரை துருப்பிடித்து அசைய மறுக்கிறது. ஆகவே இந்த விலக்கில் அது அடங்கும் என்பது என் கருத்து.

19 செப்டம்பர் 2023

மேலே கடைசியில் எழுதிய கருத்தைத் திரும்பப் பெறுகிறேன். பிரிவை மறுபடியும் நிறுத்திப் படித்தபோது, நான் தாண்டிப்போன சொற்கள் கண்ணில் பட்டன: பழுது பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் சுடுவதற்குப் பயன்படாததாக இருக்க வேண்டும். மொத்த விலக்கும் இந்தச் சொற்களின்மேல்தான் நிற்கிறது. துரு ஏறிய குதிரையை எண்ணெய் ஊற்றி ஒரு பட்டறைக்காரர் அரை நாளில் அசைத்துவிடுவார். குழல் முழுதாக இருக்கிறது. அப்படியானால் பழுது பார்த்தால் சுடக்கூடியது என்று ஓர் அதிகாரி எழுதுவதற்கு எல்லா நியாயமும் உண்டு. சுடுமா சுடாதா என்று தீர்மானிக்க வேண்டியவர் வைத்திருப்பவரும் அல்லர், வாங்க வந்த தரகரும் அல்லர்.

இரண்டு நாள் முன்பு நான் எழுதியதை நம்பி யாராவது துப்பாக்கியைக் கைமாற்றியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் நெஞ்சு பதறுகிறது. அன்பருக்குத் தொலைபேசியிலும் சொல்லிவிட்டேன். விற்க வேண்டாம், பட்டறைக்கும் எடுத்துப்போக வேண்டாம். உரிமமில்லாதவர் துப்பாக்கியைப் பழுது பார்ப்பதும் 5ஆம் பிரிவின்படி குற்றம்தான். உதவி செய்த கொல்லரும் மாட்டிக்கொள்வார்.

அவர் செய்யக்கூடியது 21ஆம் பிரிவில் இருக்கிறது. சட்டப்படி வைத்திருக்கும் தகுதி இல்லாமல் போன ஆயுதத்தைத் தாமதமின்றி அருகிலுள்ள காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற ஆயுத விற்பனையாளரிடமோ ஒப்படைக்க வேண்டும். பின்னர் குறித்த காலத்துக்குள் தகுதி பெற்றுத் திரும்பப் பெறவும், தகுதியுள்ளவருக்கு விற்கவும் அந்தப் பிரிவு இடம் தருகிறது. எங்கே, எப்போது, எப்படிக் கிடைத்தது என்று எழுத்தில் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கிக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன். ஒரு வழக்கறிஞரை உடன் அழைத்துப் போவது நல்லது.

உரிமம் உள்ளவர்கூட நினைத்த மாத்திரத்தில் விற்றுவிட முடியாது. யாருக்கு விற்கிறோம் என்ற பெயர், முகவரியுடன் எழுத்தில் தெரிவித்து 45 நாள் காத்திருக்க வேண்டும். வாங்குபவரும் வைத்திருக்கத் தகுதி உள்ளவராக இருக்க வேண்டும்.

24 அக்டோபர் 2023

நேற்று ஆயுத பூஜை. உரிமத்துடன் வைத்திருப்பவர்கள் பலர் படம் அனுப்பியிருக்கிறார்கள். குழலின்மேல் ஈரச் சந்தனமும் அதன் நடுவே குங்குமமும் பார்க்க மங்களகரமாக இருக்கின்றன. ஆனால் அந்தச் சந்தனம் காய்ந்து உதிர்ந்த இடத்தில் ஒரு வாரத்தில் வட்டமாகத் துரு பூக்கும். ஐப்பசி அடைமழைக்கு முன்பு இரும்பின்மேல் ஈரத்தைப் பூசுகிறோம். அப்பா ஒரு வழி வைத்திருந்தார். வாழைநார் அகலத்துக்கு வெள்ளைக் காகிதப் பட்டை வெட்டி, குழலைச் சுற்றிக் கட்டி, அதன்மேல்தான் பொட்டு வைப்பார். மறுநாள் பட்டையை அவிழ்த்துவிடுவார். 60 வருடத்துக் குழலில் ஒரு புள்ளி இல்லை.

பித்தளைப் பகுதிகளைப் புளி போட்டுத் துலக்காதீர்கள். விளக்கைத் துலக்குவது வேறு, இது வேறு. புளியின் காடி பித்தளையைப் பளபளப்பாக்கிவிட்டுப் பக்கத்து இரும்பின் இடுக்கில் போய்த் தங்கி உள்ளேயே அரிக்கும். முத்திரைகள் தேயும். குழலின் கரும்பழுப்பு நிறம் அழுக்கு அல்ல. நூற்றைம்பது வருடத்தில் இரும்பு தனக்குத் தானே போர்த்திக்கொண்ட போர்வை. உப்புத்தாள் போட்டுத் தேய்த்து வெள்ளிபோல் ஆக்கிய துப்பாக்கியை விவரம் தெரிந்த சேகரிப்பாளர் பாதி விலைக்கும் கேட்கமாட்டார்.

தேங்காய் எண்ணெய் வேண்டாம், பிசினாகிவிடும். தையல் இயந்திர எண்ணெயைப் பருத்தித் துணியில் தொட்டு மெல்லியதாகப் பூசினால் போதும். நாகப்பட்டினம், காரைக்கால் போன்ற கடலோர ஊர்களில் இதை மாதம் ஒருமுறை செய்ய வேண்டும்; கும்பகோணத்தில் மழைக்காலம் தவிர மற்ற மாதங்களில் இடைவெளி விடலாம். சுண்ணாம்பு அடித்த சுவரில் நேரடியாகச் சாய்த்து வைப்பதுதான் நான் பார்த்தவற்றில் மிக மோசமான பழக்கம். கட்டைக்குக் கரையான், குழலுக்குச் சுவரின் ஈரம், இரண்டும் ஒரே பக்கத்திலிருந்து வரும்.

10 டிசம்பர் 2023

போலிகளைப் பற்றி எழுதுமாறு சிலர் கேட்டார்கள். எனக்கு நேர்ந்ததையே சொல்கிறேன்.

2009இல், பழம்பொருள் விற்கும் ஒரு கடையில், 'டவர் 1857' (லண்டன் டவர் ஆயுதச்சாலையின் அடையாளமும் ஆண்டும்) என்று பொறித்த என்ஃபீல்ட் ரைஃபிள் ஒன்றைக் குழல் அடைத்த காட்சிப்பொருள் என்று சொல்லி எனக்கு ரூ. 18,000க்கு விற்றார்கள். 1857 என்ற எண்ணைப் பார்த்தவுடன் எனக்கு வேறு எதுவும் கண்ணில் படவில்லை. கொழுப்புத் தடவிய தோட்டாவின் பெயரால் சிப்பாய்கள் எழுந்த அதே துப்பாக்கி, அதே ஆண்டு. வீட்டுக்கு வந்து ஒரு மாதம் கழித்துத்தான் நிதானமாகப் பார்த்தேன்.

தகட்டில் கிரீடத்துக்குக் கீழே 'ஜி.ஆர்.' என்றிருந்தது. அது ஜார்ஜ் மன்னர்களின் எழுத்து. 1857இல் அரியணையில் இருந்தவர் விக்டோரியா. அந்த ஆண்டுத் துப்பாக்கியில் 'வி.ஆர்.' என்றுதான் இருக்க வேண்டும். அசல் 1853 மாதிரி என்ஃபீல்டின் குழல் வாய் 0.577 அங்குலம், ஏறத்தாழ 14.7 மி.மீ.; என்னிடம் இருந்தது 20 மி.மீ. தண்ணீர்க் குழாய், உள்ளே பற்றவைத்த தையல் நெடுகிலும் தெரிந்தது. குழலைக் கட்டையோடு பிணைக்கும் மூன்று வளையங்களும் கம்பி ஆணியில் நின்றன. கட்டை மாமரம், வால்நட் போலத் தோன்றச் சாயம் ஏற்றியிருந்தார்கள். குதிரையை இறக்கினால் அது கேப் பொருத்தும் முளையின்மேல் விழாமல் அரை விரற்கடை தள்ளி விழுந்தது. இவ்வளவையும் கடையிலேயே, ஓர் அளவுகோலும் டார்ச்சும் இருந்திருந்தால், பத்து நிமிடத்தில் பார்த்திருக்கலாம்.

ஆனால் உள்ளே வரி இல்லை என்பதற்காக மட்டும் ஓர் என்ஃபீல்டைப் போலி என்று தள்ளிவிட வேண்டாம். கிளர்ச்சிக்குப் பிறகு, இந்தியச் சிப்பாய்களிடம் துல்லியமான ரைஃபிளைக் கொடுக்க அஞ்சி, அதே தோற்றத்தில் வரியில்லாத குழல் கொண்டவற்றைச் செய்து கொடுத்தார்கள். அசல்தான், வரி இருக்காது.

அடுத்த தலைமுறைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1866இன் ஸ்னைடரில் பின்புறம் ஒரு மூடி பக்கவாட்டில் திறக்கும். 1871இன் மார்ட்டினி ஹென்றியில் விசைக்குக் கீழே நெம்புகோல் இருக்கும்.

11 டிசம்பர் 2023

காரைக்காலிலிருந்து ஒருவர், 'ஜி.ஆர்.ஐ., இஷாப்பூர், 1943' என்று பொறித்த, வங்காளத்து இஷாப்பூர் தொழிற்சாலையில் செய்த லீ என்ஃபீல்ட் ரைஃபிள் வைத்திருக்கும் நண்பர் விற்க விரும்புவதாகவும், சுவரில் மாட்ட வாங்கலாமா என்றும் கேட்கிறார். வேண்டாம். அது .303, அதாவது குழல் வாய் 0.303 அங்குலம், நம் நாட்டில் பொதுமக்களுக்குத் தடை செய்யப்பட்ட வகை. அதைக் கையில் வாங்கிப் பார்க்கவும் போகாதீர்கள். 7 ஆண்டு முதல் 14 ஆண்டு வரை என்று செப்டம்பரில் எழுதியது இதற்குத்தான். அந்த நண்பர் இன்றே ஒரு வழக்கறிஞரைப் பார்க்க வேண்டும்.

19 ஜனவரி 2024

பொங்கல் விடுமுறையில் சென்னை போயிருந்தேன். புனித ஜார்ஜ் கோட்டை அருங்காட்சியகத்தின் ஆயுதப் பகுதியில் கம்பெனி காலத்துத் துப்பாக்கிகளின் முன் ஒரு மணி நேரம் நின்றேன். வாங்குவது, விற்பது என்று பேசுபவர்கள் முதலில் செய்ய வேண்டியது இதுதான் என்று இப்போது தோன்றுகிறது. படத்தில் தெரியாத ஒன்று நேரில் தெரிகிறது: அசலில் முத்திரை இரும்பை உள்ளே அமுக்கியிருக்கும், விளிம்பு மழுங்கியிருக்கும், போலியில் எழுத்து கீறியதுபோல் கூர்மையாக இருக்கும்.

மறுநாள் எழும்பூர் அருங்காட்சியகத்தில் தஞ்சாவூர் அரண்மனையிலிருந்து வந்த ஆயுதங்களைப் பார்த்தேன். 1855இல் இரண்டாம் சிவாஜி ஆண் வாரிசின்றி இறந்தவுடன் கம்பெனி தஞ்சையை எடுத்துக்கொண்டது. அரண்மனையின் ஆயுதங்கள் ஊரில் நிலைக்கவில்லை. நம் ஊர்ப் பொருளை நம் பிள்ளைகளுக்குக் காட்ட 300 கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டியிருக்கிறது என்பது எனக்கு வருத்தம்தான். ஆனாலும் அங்கே அது யாருடையது, எங்கிருந்து வந்தது என்ற எழுத்து பக்கத்தில் இருக்கிறது. தரகரிடம் போகும் துப்பாக்கிக்கு அந்த எழுத்துதான் முதலில் தொலைகிறது. மன்னார்குடியிலிருந்து வந்தது என்று அடுத்தவருக்குச் சொல்ல அவருக்கு எந்தத் தேவையும் இல்லை.

20 மார்ச் 2024

நாடாளுமன்றத் தேர்தல் தேதி 16ஆம் தேதி அறிவிக்கப்பட்டுவிட்டது. நமக்கு வாக்குப்பதிவு ஏப்ரல் 19. உரிமம் உள்ளவர்களுக்குத் தேர்தல் முடியும் வரை துப்பாக்கியை ஒப்படைக்கச் சொல்லித் தகவல் வந்துகொண்டிருக்கும். கொடுத்துவிட்டுச் சீட்டு வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள்.

அப்பாவின் இரட்டைக்குழல் துப்பாக்கியை முன்பு ஒரு தேர்தலின்போது ஒப்படைத்தோம். சீட்டில் 'துப்பாக்கி 1' என்று மட்டும் எழுதியிருந்தார்கள்; எண்ணைக்கூடக் குறிக்கவில்லை. திரும்பி வந்தபோது அதன் தோல் வார் இல்லை, கட்டையின் அடித்தகட்டில் ஒரு திருகாணி இல்லை. கேட்டதற்கு, சீட்டில் இருப்பது வந்துவிட்டதே என்றார்கள். அப்பா ஒன்றும் சொல்லாமல் எடுத்துவந்தார். அந்த வார் என் தாத்தா தைக்கக் கொடுத்தது.

16 ஜூன் 2024

மன்னார்குடி அன்பரிடமிருந்து தகவல் வந்திருக்கிறது. அக்டோபரிலேயே வழக்கறிஞருடன் போய் மஸ்கட்டை எழுத்து மூலம் ஒப்படைத்துவிட்டார் என்பதை இதற்கு முன் எழுதவில்லை. தேர்தல் முடியட்டும் என்று கேட்டுக்கொண்டிருந்தார். சுடத்தக்கதா என்பதைப் பரிசோதித்து எழுத்தில் தருமாறு மாவட்ட ஆட்சியருக்கு மனு கொடுத்திருக்கிறார். பயன்படாது என்று வந்தால் வீட்டில் வைத்துக்கொள்வார். பயன்படும் என்று வந்தால் உரிமத்துக்கு மனு போடுவதா, அரசு அருங்காட்சியகத்துக்குக் கொடுத்துவிடுவதா என்று குடும்பத்தில் பேசிக்கொண்டிருக்கிறார்கள். அவருடைய அம்மாவுக்கு அருங்காட்சியகம்தான் விருப்பமாம். தரகர் இரண்டாம் முறை வந்து ரூ. 75,000 என்றாராம், ஒப்படைத்த சீட்டைக் காட்டியவுடன் தண்ணீர்கூடக் குடிக்காமல் எழுந்து போய்விட்டார்.

அந்தச் சீட்டின் நகலை எனக்கு அனுப்பியிருந்தார். 'பழைய துப்பாக்கி 1' என்று இருந்தது. உடனே போன் செய்து, இன்னொரு விண்ணப்பம் எழுதச் சொன்னேன். நேற்று அது சேர்க்கப்பட்டு முத்திரையுடன் கைக்கு வந்துவிட்டது: குழல் நீளம் 99 செ.மீ., வாய் 19 மி.மீ., தகட்டில் கிரீடம் ஏந்திய சிங்கம், கட்டையின் இடப்பக்கம் நான்கு விரற்கடை விரிசல், மருந்து இடிக்கும் கம்பி ஒன்று, தோல் வார் இல்லை.